பன்னிரண்டாம் நிபந்தனை

பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, இரண்டு முறை உதறி, வாங்க வந்தவரின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்த பின்னரே சோலையப்பன் ஒப்பந்தத்தை வாசிக்கத் தொடங்குவார். மலாயாவில், கிள்ளான் பாசார் என்னும் சந்தைக்கு எதிரே தையல் இயந்திரங்களைத் தவணைக்கு விற்றவர் அவர். இயந்திரத்தை ஓட்டும் முறையை விளக்க அவருக்குக் கால்மணி நேரம் போதும். ஒப்பந்தத்தை வாசித்து முடிக்க ஒரு மணி நேரம் வேண்டும். இடையில் எவரேனும் கொட்டாவி விட்டால், மறுபடியும் முதலிலிருந்து வாசிப்பார்.

நிபந்தனைகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் சொன்ன சாக்குப்போக்குக்கு அவர் போட்ட பூட்டு. "வந்தேன் மொதலாளி, நீங்கதான் கடையில இல்ல" என்று ஒருவர் கைவிரித்ததால் பிறந்தது ஒன்பதாவது: கெடு நாளன்று விற்றவர் காலை முதல் மாலை வரை கடையில் இருப்பார், இல்லையேல் பாக்கி தள்ளுபடி. லோரி ஓட்டும் ரெங்கசாமி தவணைக்கு ஈடாக நான்கு கோழிகளைக் கால்கட்டிக் கொண்டுவந்து போட்ட மறுநாள் பிறந்தது பன்னிரண்டாவது: பணமாக மட்டுமே பெறப்படும், வேறெப்பொருளும் ஏற்கப்படாது. "எழுத்துல கட்டிப்போட்டுட்டா எவனும் நாள் தவற மாட்டான்லா" என்பது அவருடைய வேதம்.

கணவரை இழந்த நல்லம்மாள், 1941 ஜூனில் அவரிடம் ஓர் இயந்திரம் வாங்கினார். விலை நூற்றிருபது வெள்ளி, அதாவது மலாயா டாலர். கடைசி நாற்பது வெள்ளியை 1945 ஜூன் முப்பதாம் நாள் செலுத்த வேண்டும். தவறினால் இயந்திரம் கடைக்குத் திரும்பிவிடும். இடையில் ஜப்பானியர் வந்தனர். வாழைமரப் படம் அச்சிட்ட, நாளுக்கு நாள் மதிப்பிழந்த அவர்களுடைய நோட்டும் வந்தது. புதுத்துணி கண்ணில் படாத அந்நாள்களில், கோணிப்பைகளைச் சட்டைகளாகத் தைத்துக் கொடுத்தே நல்லம்மாள் தம் இரு பெண்களுக்கும் மரவள்ளிக்கிழங்கு வாங்கினார்.

அந்த இயந்திரத்துக்கு இப்போது ஐயாயிரம் வெள்ளி தர ஆள் இருந்தது. நாற்பது வெள்ளிக்கோ பாசாரில் ஒரு முட்டை கிடைக்கும், அதுவும் சிறியது. ஆகவே, வாழ்நாளெல்லாம் தாமதத்தை வெறுத்த சோலையப்பன், ஒரு பெண்மணி ஒரே ஒரு நாள் தாமதிக்க வேண்டுமென்று தண்டாயுதபாணிக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டார். போதாதென்று நல்லம்மாளின் வீட்டுக்கே சென்றார்.

"என்னம்மா அவசரம்? அடுத்த வாரம் மெதுவா குடுங்களேன்."

"எழுதிக் குடுங்க மொதலாளி."

"என் வாய்ச்சொல் போதாதா?"

"வாய்ச்சொல் செல்லாதுன்னு மூணாவதுல எழுதியிருக்கீங்களே."

முப்பதாம் நாள் வந்தது. ஒளிந்துகொள்ளலாம் என்றால் ஒன்பதாவது விடவில்லை, உட்கார்ந்திருந்தார். கடை திறந்ததும், பத்தாவது நிபந்தனை கோரியபடி, இரண்டு சாட்சிகளுடன் நல்லம்மாள் வந்தார். ஒருவர் பக்கத்து வீட்டு வீரம்மா. மற்றவர், வேறு யார், ரெங்கசாமிதான்.

நல்லம்மாள் வைத்த வாழைமர நோட்டுகளைச் சோலையப்பன் விரல்நுனியால் தள்ளினார். "இதெல்லாம் ஒரு காசாம்மா?"

"அப்படிங்களா அண்ணே? முக்குல ஜப்பான்காரன் நிக்கிறான், கேட்டுட்டு வரட்டுமா?" என்றார் ரெங்கசாமி, மிகுந்த பணிவோடு.

ஜப்பானியர் நோட்டை மறுத்தால் தண்டனை என்பதால், சோலையப்பன் நோட்டுகளை அவசரமாக மேசை இழுப்பறைக்குள் வைத்தார். பின்பு குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டுல கோழி நிக்குதே, அதுல ரெண்டு குடுத்தீங்கன்னா இந்தக் காசைத் திருப்பித் தந்துடுறேன். கணக்கும் முடிஞ்சிரும்" என்றார்.

"குடுக்கலாம் மொதலாளி. பன்னெண்டாவது விடமாட்டேங்குதே."

வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சோலையப்பன் 'பாக்கி இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நல்லம்மாள் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தைக்கக் கிடக்கும் கோணிகளை நினைத்தோ என்னவோ, வேகமாகப் படியிறங்கினார்.

தனியே விடப்பட்ட சோலையப்பன், அடுத்த வாடிக்கையாளருக்காக எழுதி வைத்திருந்த ஒப்பந்தத்தை எடுத்து விரித்தார். பேனாவைத் தோய்த்து இரண்டு முறை உதறினார். பன்னிரண்டாம் நிபந்தனையில் 'பணமாக' என்னும் சொல்லை அடித்துவிட்டு, அதன் மேல் அழகான கையெழுத்தில், 'கோழியாக' என்று எழுதினார்.