எல்லாக் கட்டத்துக்கும் ஓட்டை

சுனாமிக்குப் பிறகு மாங்கேணியில் எங்கள் பாடசாலையைப் புதிதாகக் கட்டியபோது, மண்டபத்து வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்தளமும் கட்டினார்கள். திறப்பு விழாவில் அதற்கும் ஒரு நாடா வெட்டினார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த பெண்பிள்ளையான எனக்கு நாடா வெட்டுகிறவர்கள் எல்லார் மேலும் சந்தேகம். அளவு நாடாவோடு போய்ச் சரிவை அளந்தேன். பிழை பிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒன்று அகப்பட்டது: கைபிடிக் கம்பி வாசலோடு முடிந்துவிடுகிறது. கண் தெரியாத ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வரலாம். உள்ளே போனபின் அவருக்கென்று எதுவும் இல்லை.

கண் தெரியாதவர் என்றால் எனக்கு ஒட்டுக்கடை மாமாதான். எங்கள் வீட்டுக்கு முன்னால் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடுகிறவர். யுத்த காலத்தில் வீதியோரம் வெடித்த ஏதோ ஒன்று அவர் கண்களைக் கொண்டுபோனது. யார் வைத்தது என்று கேட்டால், "கேட்டு என்ன செய்யப் போறாய்?" என்று ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்குவார்.

போர் முடிந்தபின் வந்த ஒரு தேர்தலுக்கு அந்த மண்டபம்தான் வாக்களிப்பு நிலையம். அதற்கு முந்திய தேர்தல்களில் மாமா மாதிரி ஆட்கள் அதிகாரியின் காதில் சின்னத்தைச் சொல்ல வேண்டும், அவர் சீட்டில் அதற்கு நேரே புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போட்டுக் கொடுப்பார். பக்கத்தில் கட்சி முகவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் திரிந்த ஊரில், காதில் சொன்னது நாம் வீடு திரும்புமுன் வீட்டுக்கு வந்துவிடும். மாமா வாக்குப் போடப் போவதையே விட்டுவிட்டார். இப்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போகலாம் என்று கேள்விப்பட்டதும் நான் கடைக்கு ஓடினேன்.

"மாமா, நான் வாறன். சின்னத்தைச் சொல்லுங்க, புள்ளடி போட்டுத் தாறன்."

"நீ எங்க போட்டாய் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ன மாமா, என்னை நம்பலையா?"

"உன்னை நம்புறன் மனே. உன்ட வாயை நம்ப ஏலா. விடிஞ்சா பொழுதுபட்டா ஒரு கட்சியின்ட கதைதானே கதைக்கிறாய். மறுகா என்ட புள்ளடியும் அங்க போயிராதா?"

கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் மூளை சும்மா இருக்கவில்லை. ரியூப் வந்த பெட்டியில் ஒரு துண்டு அட்டை எடுத்து, கட்சிக்காரர் வீடு வீடாகக் கொடுத்துப்போன மாதிரிச் சீட்டின் அளவுக்கு வெட்டினேன். சரியான கட்டத்தில் ஒரு ஓட்டை போட்டால், அவரே தடவிப் புள்ளடி போடலாம். கொண்டுபோய்ச் சொன்னேன். "எந்தக் கட்டம் எண்டு மட்டும் சொல்லுங்க, வெட்டுறன்."

மாமா சிரித்தார். "சுத்திச் சுத்தி அதுக்குத்தான் வாறாய். எல்லாக் கட்டத்துக்கும் வெட்டு. நான் எண்ணிக்கொள்றன்."

எல்லாவற்றுக்கும் வெட்டினேன். தலைகீழாக வைத்துவிடாமல் இருக்க மேல் மூலையை நறுக்கிவிட்டேன். அதோடு முடியவில்லை. சின்னங்களின் வரிசையை நான் வாசித்தேன். பிறகு, ஒன்றுக்கொன்று முகம் பார்க்காத கட்சிகளின் ஆட்கள் ரியூப் ஒட்ட வந்தபோதெல்லாம் மாமா அவர்களையும் வாசிக்கச் சொன்னார். தன் சின்னம் வந்ததும் ஒவ்வொருவருக்கும் குரல் உயர்ந்தது. வரிசை மாறவில்லை. "அப்ப நீ பொய் சொல்லல" என்றார் என்னிடம், கொஞ்சம் ஏமாந்தவர் மாதிரி.

தேர்தலன்று அவர் அட்டையையும் உடுப்புக்குப் போடுகிற இரண்டு கிளிப்பையும் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து ஏறினார். மண்டபத்துக்குள் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அட்டையை வெளியே எடுத்ததும் ஒரு முகவர் எழும்பிவிட்டார்.

"சேர், அது என்ன? உள்ள என்னமோ எழுதியிருக்கும்."

"ஓட்டைக்குள்ள எழுத உனக்குத் தெரியுமா? எனக்கும் காட்டித்தா" என்றார் மாமா.

அதிகாரி அட்டையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகவர்களும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். எல்லாக் கட்டத்துக்கும் ஓட்டை இருந்தது, அவர்களுக்கு அதில் ஒன்றும் அகப்படவில்லை. "துணைக்கு வந்த பிள்ளை போட்டா லேசுதானே ஐயா" என்றார் அதிகாரி. மாமா கையை நீட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் அதிகாரியே சீட்டின்மேல் அட்டையைப் பொருத்திக் கிளிப் போட்டுக் கொடுத்தார். மாமா ஓரங்களைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தபின், நான் மறைப்புவரை கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது. "மனே, இங்க வா."

அதிகாரி தலையசைத்தார். போனேன். வலது முழங்கையை அட்டைக்கு மேலே பரப்பி மூடிக்கொண்டு, இடது உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே காட்டினார். அதில், மறைப்புக்குள் வைத்திருந்த பேனையால் கோடு இழுத்திருந்தார்.

"என்ன தெரியுது?"

"பள்ளம் விழுந்திருக்கு மாமா. மை இல்ல."

"தோல்ல கீறிச்சு. எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார்.

மை இல்லாத பேனையால் புள்ளடி போட்டிருந்தால் அது வெறும் சீட்டாகப் போயிருக்கும், அவருக்குத் தெரியவும் வந்திராது. தானாக முடிந்த மைதானா, இவருக்கென்று வைத்த பேனையா? திரும்பி, மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரையும் பார்த்தேன். அதிகாரி ஓடிவந்து தன் சேட்டுப் பைப் பேனையைக் கொடுத்தார். மாமா உள்ளங்கையில் மறுபடி கோடு இழுத்தார்.

"இப்ப?"

"நீலக் கோடு."

"வடிவாப் பாத்தியா?"

"ஓம் மாமா."

"சரி, போ. கிறுகிப் பாக்காத."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வந்து, பெட்டியின் வாயை விரலால் தேடிச் சீட்டைப் போட்டுவிட்டு, அது விழுகிற சத்தத்துக்குக் காது கொடுத்தார்.

வெளியே வந்து சாய்தளத்தில் இறங்கும்போது, எழும்பிக் கத்திய அந்த முகவர் பின்னால் வந்தார். "தங்கச்சி, நீ உள்ள போனதானே? எந்த ஓட்டை?"

நான் வாயைத் திறக்குமுன் மாமா சொன்னார்: "அவளைக் கேளாத. அவள் பேனை பாக்க வந்தவள்."