புருவக்காரியின் கை நடுக்கம்

எங்கள் அழகு நிலையத்தில் முடி வெட்டுவது நான். நூலைப் பல்லில் கடித்துப் புருவம் திருத்துவது அவள். புருவக்காரி என்றால்தான் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்காமலிருக்க வருடக்கணக்காக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறாள். ஒளிவுமறைவே கிடையாது. "இது இல்லன்னா ஒரு நாள் ஊரையே விலைக்குக் கேப்பேன், இன்னொரு நாள் போர்வைய விட்டே வரமாட்டேன்" என்று வாடிக்கையாளர்களிடமே சொல்லிச் சிரிப்பாள்.

நாளெல்லாம் நின்று நின்று அவளுக்குக் கால் வீங்கியது. மாமியாருக்குப் பாசம் பொங்கிவிட்டது. ரத்த அழுத்தத்துக்காகத் தான் சாப்பிடும் நீர் மாத்திரையில் பாதி அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தார். கால் வீக்கம் வற்றியது. ஆனால் இவள் வந்த வாடிக்கையாளரை அரைப் புருவத்தோடு விட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓட ஆரம்பித்தாள். நாங்களும் கேலி செய்துகொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் கை நடுங்கியது. வங்கிக்காரம்மாவின் ஒரு புருவம் நெற்றிக்கு ஏறி, எதைச் சொன்னாலும் நம்பாதவர் போல ஆகிவிட்டார். பிறகு இவளுக்கு வாந்தி, நாக்குக் குழறல், தள்ளாட்டம். இவள் கணவன் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"பழைய வியாதி திரும்பிடுச்சு. இனிமே வேலை கீலை எதுவும் வேணாம், வீட்டோட இருக்கட்டும்."

அவள் அழுதே விட்டாள். "மனசு நல்லாத்தான்க்கா இருக்கு. உடம்புதான் முடியல. யாருமே நம்ப மாட்டேங்கறாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ சொல்றத முதல்ல காதுல வாங்குங்க தம்பி!" என்று கத்திவிட்டு, எல்லோரையும் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

"புதுசா ஏதாவது மருந்து சாப்பிட்டாங்களா?" என்றார் டாக்டர். இல்லவே இல்லை என்றான் கணவன்.

"அப்புறம் எதுக்கு இவ பாத்ரூமுக்கு இந்த ஓட்டம் ஓடறா?" என்றேன்.

மாமியார் திருதிருவென முழித்தார். "கால் வீக்கத்துக்கு... நான்தான் என் மாத்திரைய..."

டாக்டர் தலையில் கை வைக்காத குறை. "நீர் மாத்திரை உப்பையும் தண்ணியையும் வெளியேத்தும்மா. அப்ப சிறுநீரகம் லித்தியத்த வெளிய விடாம பிடிச்சு வெச்சுக்கும். எப்பவும் போடற அளவுதான், ஆனா ரத்தத்துல விஷமா ஏறிடும்."

ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. இரண்டு மாத்திரையையும் நிறுத்தி, படுக்க வைத்துச் சலைன் ஏற்றினார்கள். அளவு இறங்கிய பிறகு லித்தியத்தை மட்டும் டாக்டர் மறுபடி ஆரம்பித்தார். மாமியார் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். "கொன்னுருப்பேனேம்மா!"

"விடுங்க அத்தை, கால் வீக்கம் போச்சுல்ல" என்றாள் இவள்.

வேலைக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் ஏதோ ஒரு கதை சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அழைத்துப் போக வந்த கணவன் என் பக்கம் சாய்ந்தான். "ரொம்ப சிரிக்கறாளே... மாத்திரை போட்டாளா?"

அது அவள் காதில் விழுந்துவிட்டது. நூலைக் கீழே வைத்தாள்.

"போட்டேங்க. ரத்தமும் பார்த்தாச்சு. இது வெறும் சந்தோஷம். எனக்கும் வரும்."

அவன் அசடு வழிய நாற்காலியில் உட்கார்ந்தான்.