வந்து வந்து போன மஞ்சள் விளக்கு

எது புரியாவிட்டாலும் யோகராஜ் "விளங்கல" என்றுதான் சொல்வார். இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, ஏழெட்டு வயதில் பெற்றோருடன் கப்பலேறி வந்து, கொடைக்கானலில் வளர்ந்தவர். இந்த ஊர்ப் பேச்சு முழுசாக நாக்கில் ஏறிய பிறகும் அந்த ஒரு சொல் போகவில்லை. டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே 'விளங்கல யோகராஜ்'. 2007-இல் அந்தப் பெயர் அவருக்கு நன்றாகவே பொருந்திப்போனது.

அந்த வருடம்தான் அவர் வாடகை வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு டாக்டர் விசாலாட்சியிடம் டிரைவராகச் சேர்ந்தார். நியூசிலாந்தில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டாக்டரம்மா, வட்டக்கானல் போகும் சாலையில் ஒரு பழைய வீட்டை வாங்கித் தனியாகக் குடியிருந்தார். அங்கே ஓட்டிய காரையும் கப்பலில் ஏற்றிக் கொண்டு வந்துவிட்டார். வெள்ளி நிறம், அழகான வண்டி. சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும், அவ்வளவு அமைதி.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, ஸ்டியரிங்குக்கு நேரே எஞ்சின் படம் போட்ட ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. யோகராஜ் வண்டியை ஓரங்கட்டினார். சூடு ஏறவில்லை, சத்தம் மாறவில்லை, ஆயில் சரியாக இருந்தது.

"வண்டி நல்லாத்தான் ஓடுது. லைட்டு மட்டும் எரியுது. விளங்கலீங்கம்மா."

மூஞ்சிக்கல்லில் பட்டறை வைத்திருந்த சுப்புராஜ், யோகராஜுக்குப் பல வருடச் சிநேகிதர். பானெட்டைத் திறந்து நெடுநேரம் பார்த்தார்.

"ஏலே யோகராஜு, இதுல எங்க கையை வைக்கிறதுன்னே தெரியல. கம்ப்யூட்டர மாட்டித்தான் என்னான்னு கேக்கணும். அந்த மிஷினு மதுரையிலதான் இருக்கு."

டாக்டரம்மாவுக்கு மதுரையில் தங்கை வீடு இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை போய்ச் சில நாள் தங்கிவிட்டு வருவார். அந்தத் தடவையும் போனார்கள். மலை இறங்கும் வரை விளக்கு எரிந்தது. மதுரையில் இரண்டு நாள் அங்கே இங்கே ஓடிய பிறகு, யாரும் கை வைக்காமலே அணைந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது விளக்கு இல்லை. யோகராஜுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் கேட்கும்போது வலி நின்றுபோனவன் மாதிரி நின்றார்.

ஆனால் கம்ப்யூட்டர் மறக்கவில்லை. மிஷினை மாட்டியதும் ஓர் எழுத்தும் நான்கு எண்களும் வந்தன. பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது என்று அர்த்தமாம். டேங்க் மூடியின் ரப்பர் தேய்ந்திருக்கும் என்று மூடியை மாற்றிக் கொடுத்தார்கள். எண்களை அழித்தார்கள். மலையேறி ஒரு வாரம் நிம்மதியாகப் போனது. அப்புறம் ஒரு காலை, விளக்கு மறுபடியும் எரிந்தது.

அடுத்த மாதம் ஒரு வால்வை மாற்றினார்கள். ஒரு வாரம் கழித்து விளக்கு. அதற்கடுத்த மாதம் முன்பக்கத்து ஹோஸ்களை எல்லாம் மாற்றினார்கள். மதுரையில் அணைந்தது, கொடைக்கானலில் எரிந்தது. அதே எழுத்து, அதே எண்கள்.

டாக்டரம்மா பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து விளக்கினார். "டேங்க்ல இருக்கிற பெட்ரோல் ஆவியாகி வெளிய போகக் கூடாது. அதை ஒரு கரிப் பெட்டி பிடிச்சு வச்சு எஞ்சினுக்கு அனுப்பும். எங்கயாவது ஓட்டை இருக்கான்னு கார் தானே சோதிச்சுக்கும். ஊசி முனை அளவு இருந்தாலும் கண்டுபிடிச்சிடும். ஆனா தினமும் சோதிக்காது. டேங்க் ரொம்ப நிறைஞ்சிருந்தா சோதிக்காது. ரொம்பக் காலியா இருந்தாலும் சோதிக்காது."

"அப்ப எப்பத்தாம்மா சோதிக்கும்?"

"அதுக்குத் தோணுறப்ப."

கண்ணுக்குத் தெரியாத ஆவி, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, நினைத்தால் மட்டும் பார்க்கிற கம்ப்யூட்டர். யோகராஜ் தலையைச் சொறிந்தார். "எனக்கும் விளங்கலதான்" என்றார் டாக்டரம்மா, அவருடைய சொல்லிலேயே.

மதுரை மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் போனில் ஒரே கேள்வியைக் கேட்டார். "பின்பக்கம் பெட்ரோல் வாடை வருதான்னு பாருங்க." யோகராஜ் ஷெட்டில் மண்டி போட்டு, டேங்க் பக்கத்தில் மூக்கை வைத்து, ஆழமாக இழுத்துப் பார்ப்பார். "ஒண்ணும் வரலீங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அதனால் டேங்க் பக்கம் கசிவில்லை என்று முடிவு கட்டி, முன்பக்கத்தையே நோண்டினார்கள். கடைசியில், சென்சார்தான் பொய் சொல்கிறது என்றார் மெக்கானிக்.

கார் நிற்கும் ஷெட் வீட்டுக்குக் கீழே, சரிவில் கேட்டை ஒட்டி இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, குளிருக்கு இறுகச் சாத்திய கதவு. யோகராஜ்தான் வெள்ளனே வந்து திறப்பார். உள்ளே நின்று ஒரு பீடி குடிப்பார், வண்டியை ஸ்டார்ட் செய்து வாசலுக்கு ஏற்றிக் கொண்டு போவார். டாக்டரம்மா வாசலில்தான் ஏறுவார். அவர் ஷெட் பக்கம் வந்ததே இல்லை.

வீட்டில் யோகராஜுக்கு வேறு ஒரு வழக்கு இருந்தது. அவர் மனைவி கண்மணி கூக்கால் பக்கம் பூண்டுத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போவாள். ஜீப்பில் நெருக்கியடித்துப் போய், வரும்போது மடியில் கொஞ்சம் மலைப்பூண்டு கொண்டு வருவாள். அதைத் தட்டிப் போட்டு ரசம் வைப்பாள். யோகராஜ் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "பூண்டே போடலையா?" என்பார்.

"கை நெறைய போட்டிருக்கேன். கண்ணு தெரியலையா?"

"போட்டா வாடை வரணும்ல. உரத்தைக் கொட்டிக் கொட்டிப் பூண்டையே கெடுத்து வச்சிருக்கானுக."

சில வருடங்களாக இப்படித்தான். குழம்பு சப்பென்று இருக்கிறது என்பார், கருவாடு பழசு என்பார். கலியாணமான புதிதில் தட்டை வழித்துச் சாப்பிட்ட மனுசனுக்குத் தன் கைச் சமையல் பிடிக்காமல் போய்விட்டது என்று கண்மணி முடிவு செய்துகொண்டாள். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்பதையே விட்டுவிட்டாள்.

அது தை மாதம். ஏரியைச் சுற்றிப் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்த காலை. டாக்டரம்மா மதுரை கிளம்பினார். போகிற வழியில் பெருமாள்மலையில் கண்மணியை ஒரு காதுகுத்துக்கு இறக்கிவிடச் சொல்லியிருந்தார். கண்மணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு யோகராஜுடனே நடந்து வந்தாள்.

யோகராஜ் ஷெட் கதவை இழுத்துத் திறந்து உள்ளே போனார். பழக்க தோஷத்தில் பீடியை வாயில் வைத்துக்கொண்டு தீப்பெட்டியை எடுத்தார்.

"அய்யோ! உரசாதீங்க!"

கண்மணி பாய்ந்து வந்து கையில் அடித்த அடியில் தீப்பெட்டி போய் மூலையில் விழுந்தது.

"என்ன கிறுக்கா ஒனக்கு?"

"எனக்கா கிறுக்கு? பெட்ரோல ஊத்திவிட்ட மாதிரி கெடக்கு, இங்க நின்னு பத்த வைக்கிறீங்க!"

"எங்க ஊத்திக் கெடக்கு? தரை காஞ்சுதானே கெடக்கு."

"வாடை வரலையா ஒங்களுக்கு? எனக்கு மூச்சு முட்டுது."

யோகராஜ் நின்ற இடத்தில் மூக்கை உறிஞ்சினார். பின்பக்கம் போய் உறிஞ்சினார். பனிக்காற்று உள்ளே போனது, அவ்வளவுதான். காதுகுத்துக்கு நேரமாகிறது என்கிற பதற்றத்தில் இவளுக்கு ஏதோ பிரமை என்று நினைத்தார்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தார். ஷெட் வாசலிலேயே நின்று, சால்வை நுனியால் மூக்கைப் பொத்தினார்.

"யோகராஜ், எத்தனை நாளா இப்படி நாறுது?"

யோகராஜ் டாக்டரம்மாவைப் பார்த்தார், கண்மணியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு விளையாடுகிறார்களோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி, மூன்று பேருமாக வெளியே தள்ளி நிறுத்தினார்கள். பிறகு டாக்டரம்மா அவரைச் சமையலறைக்குக் கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொன்னார். எதையோ மூக்கருகே நீட்டினார்.

"என்னது?"

"ஒண்ணுமில்லீங்க. வெறும் கை."

நீட்டியது காப்பித்தூள் டப்பா. அடுத்தது நசுக்கிய பூண்டு. அதுவும் ஒன்றுமில்லை. மூன்றாவதைக் காட்டியதும் யோகராஜ் முகம் மலர்ந்தது. "தைலம்! யூகலிப்டஸ் தைலம்! பாத்தீங்களா, வருது."

"வாடை வருதா, இல்ல ஜில்லுன்னு இருக்கா?"

யோகராஜ் யோசித்தார். "ஜில்லுன்னு ஏறுதுங்க."

"ஜில்லுங்கிறது வாடை இல்ல யோகராஜ். அது வேற நரம்பு." டாக்டரம்மா எதிரே உட்கார்ந்தார். "எப்பவாவது தலையில அடிபட்டுச்சா?"

பட்டிருந்தது. சில வருடங்களுக்கு முன் கூக்காலிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த ஜீப் வளைவில் சாய்ந்தபோது பின்மண்டை பாறையில் மோதியது. தையல் போட்டார்கள். சில வாரத்தில் மறுபடியும் வண்டி ஓட்டப் போய்விட்டார். அத்தோடு அதை மறந்தும்விட்டார்.

"மூக்கிலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு முடி மாதிரி மெலிசா இருக்கும். தலை பலமா குலுங்கினா அறுந்துடும். நாக்குக்கு உப்பு, புளிப்பு, காரம் எல்லாம் தெரியும். ஆனா ருசின்னு நாம சொல்றதுல பெரும்பங்கு வாடைதான்."

"சரியாயிருமா?"

"இத்தனை வருஷத்துக்கு அப்புறம் கஷ்டம்தான்."

மூக்கு போனதுகூட ஒருவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அதுதான் யோகராஜுக்குப் பிடிபடவில்லை. ஏரிக்கரையில் குதிரைச் சாணத்தைத் தாண்டும்போது டூரிஸ்ட்டுகள் கர்ச்சீப்பால் மூக்கை மூடுவதைப் பார்த்து, பட்டணத்துக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் அலட்டல் என்று நினைத்திருக்கிறார். மழை விழுந்த மண், சாமிக்குக் கொளுத்தும் ஊதுபத்தி, எதிலும் ஏதோ குறைவது மாதிரி இருந்தது உண்மைதான். வயசானால் எல்லாருக்கும் இப்படித்தான் போல என்று இருந்துவிட்டார்.

சமையலறை வாசலில் நின்ற கண்மணிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"அப்ப இத்தனை வருஷமா என் கையைக் கொற சொன்னது?"

யோகராஜ் வாயைத் திறந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், வேண்டுமென்று செய்த தப்பு எதுவும் இல்லை. குறை சொல்லவில்லை என்றும் மறுக்க முடியவில்லை.

"பூண்டுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன், கண்மணி."

அவள் காதுகுத்துக்கு பஸ்ஸில் போனாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

சுப்புராஜை அன்றைக்கே வரவழைத்தார்கள். இந்தத் தடவை வாடை காட்டிய இடத்துக்கே போய்ப் படுத்து, டேங்கின் மேல்பக்கம் கையை விட்டுத் தடவினார். பெட்ரோல் ஊற்றும் குழாயை ஒட்டிப் போகும் ஒரு ரப்பர் ஹோஸைக் கழற்றி எடுத்தார். பார்வைக்குப் புத்தம் புதிது மாதிரி இருந்தது. வளைத்தபோதுதான் கிளிப் அடியில் ஒரு கீறல் வாயைத் திறந்தது.

"இந்தக் குளிர்ல வெறச்சு விரியுது. கீழ போனா சூட்டுக்கு இளகி மூடிக்கிருது. மதுரையில எப்படிலே ஆப்புடும்?"

அந்த ஹோஸுக்கு இங்கே மாற்று கிடைக்கவில்லை. அளவுக்கு ஏற்றதாக வேறொன்றை வெட்டிப் போட்டார். வாரங்கள் போயின. விளக்கு வரவில்லை. எல்லாரும் அதை மறக்கத் தொடங்கிய சமயத்தில், ஒரு காலை மறுபடியும் எரிந்தது.

யோகராஜ் ஓடிப் போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். வாடை இல்லை என்றார் அவர். சுப்புராஜ் வந்து மோந்து பார்த்து, இல்லை என்றார். கண்மணியையும் கூப்பிட்டார்கள், அவளும் இல்லை என்றாள். இப்போது மூன்று மூக்குகளை நம்புவதா, விளக்கை நம்புவதா என்று யோகராஜ் குழம்பினார். கடைசியில் பார்த்தால், பெட்ரோல் பங்கில் டேங்க் மூடியை 'டிக்' என்று சத்தம் வரும் வரை திருகாமல் விட்டிருக்கிறார்கள். இறுக்கியதும் சில நாளில் விளக்கு தானாகவே அணைந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு நெடுநாள் அவர் சாவியைத் திருப்பும்போதெல்லாம் அந்த இடத்தைப் பயந்து பயந்துதான் பார்த்தார்.

"மூக்கில்லாத டிரைவர் ஒங்களுக்கு எதுக்குங்கம்மா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"கண்ணு இருக்குல்ல? ஓட்டு" என்றார் டாக்டரம்மா.

வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்ற வைக்க அவருக்குத் தடை விழுந்தது. பால் புளித்ததா என்று பார்ப்பதும் கண்மணியின் சோலியானது. கொஞ்ச நாளில் அவள் சமையலும் மாறியது. மிளகு கூடியது, புளி கூடியது, சோற்றோடு கடித்துக்கொள்ள ஏதாவது மொறுமொறுவென்று இருந்தது. இதை அவள் சொல்லிச் செய்யவில்லை. அவரும் கேட்கவில்லை. தட்டு மட்டும் காலியானது.

சில வருடம் கழித்து டாக்டரம்மா காரை விற்றுவிட்டுத் தங்கையோடு இருக்க மதுரைக்கே போய்விட்டார். யோகராஜ் ஒரு பழைய பெட்ரோல் வேனை வாங்கி டூரிஸ்ட்டுகளை ஏற்றுகிறார். பங்கில் பெட்ரோல் போட்டதும், கிளம்புவதற்கு முன் பின்சீட்டில் இருப்பவர்கள் பக்கம் திரும்பி, "ஏதாச்சும் பெட்ரோல் வாடை வருதுங்களா?" என்று கேட்பது அவர் வழக்கம்.

பங்கில் வராமல் இருக்குமா? "ஆமாங்க, நல்லாவே வருதே" என்பார்கள்.

யோகராஜ் இறங்கிப் போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து பார்த்து, மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பாதிச் சந்தேகத்தோடு வந்து வண்டியை எடுப்பார்.