சாய்ந்த சிலுவை

போன செவ்வாய்க்கிழமை காலை பால் பாக்கெட் வாங்க இறங்கினேன். ஹைதராபாத்தில் எங்கள் கொண்டாப்பூர் சந்தில் வரிசையாக நிற்கிற ஐந்து புங்கை மரங்களிலும் யாரோ சிவப்புப் பெயின்ட்டால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு கோடு இழுத்திருந்தார்கள். வாட்ச்மேனைக் கேட்டேன். "ரோட் வைடனிங் மேடம், கொட்டேஸ்தாரு" என்றார். வெட்டிவிடுவார்களாம். அவர் பல் குச்சியைக் கடித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் அந்தக் காயாத பெயின்ட் வாசனை மூக்கில் ஏறி, கொண்டாப்பூரிலிருந்து நேரே பிரான்சுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன், பொங்கி வழிந்தது. அது கிடக்கட்டும்.

இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். ஆபீஸில் என்னையும் லலிதாவையும் ஆறு மாத வேலையாகத் தென் பிரான்சில் துலூஸ் நகரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நான் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரி, ஹைதராபாத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. லலிதா செகந்தராபாத் மாரெட்பள்ளியில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. அவளுடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் கன்டோன்மென்ட் வேலைக்கு வந்தவராம். அவள் தமிழில் பாதி ஹைதராபாத் உருது: ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஏன் என்பதற்கு 'கைக்கு'. முதல் மாதம் நான் அவளோடு இங்கிலீஷில்தான் பேசினேன், அவள் தமிழ் எனக்குப் புரியாததால்.

வெள்ளிக்கிழமை வரை சமாளித்துவிடுவோம். சனிக்கிழமை விடிந்தால் இரண்டு பேருக்கும் அறையில் இருப்புக்கொள்ளாது. எனக்குக் காலில் சக்கரம் என்று அம்மா சின்ன வயதிலேயே எழுதி ஒட்டாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். லலிதா என்னையும் மிஞ்சினாள். முதல் பஸ்ஸைப் பிடித்து ஏதோ ஒரு கிராமத்தில் இறங்குவோம். அங்கிருந்து மலைப்பாதையில் நடந்து இன்னொரு ஊருக்குப் போய், சாயங்கால பஸ்ஸில் திரும்புவோம். அந்த ஊர்களெல்லாம் எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் குன்றின் உச்சியில் கட்டியவை. சுற்றிலும் மதில், ஒரே ஒரு வளைவு வாசல், உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள். நடுவில் மரத்தூண் நிறுத்திய சந்தைக் கொட்டகை, அதைத் தாண்டினால் கோயில், எங்கள் ஊரில் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். மத்தியானம் பன்னிரண்டு அடித்தால் கடைகளெல்லாம் சாத்திவிடுவார்கள், ஒரு பூனைகூடக் கண்ணில் படாது. நாங்கள் மதில்மேல் உட்கார்ந்து, நீளரொட்டியை நெடுக்காகப் பிளந்து, இட்லிப்பொடியில் நல்லெண்ணெயைக் குழைத்துத் தடவித் தின்போம். காலடியில் மிதிபட்ட ஏதோ ஒரு செடி, துளசியும் ஓமமும் கலந்த மாதிரி மணக்கும். இப்போதும் ஓமத்தைக் கசக்கினால் எனக்கு நடக்கத் தோன்றுகிறது. பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

காட்டுக்குள் வழி காட்ட அங்கே பலகை கிடையாது. மரத்திலோ பாறையிலோ மேலே வெள்ளைக்கோடு, கீழே சிவப்புக்கோடு, உள்ளங்கை அகலத்துக்கு. அதைப் பார்த்துக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும். லலிதா அந்தப் பாதைகளுக்கான கைப்புத்தகம் ஒன்றை வாங்கிப் பையில் வைத்திருந்தாள். பிரெஞ்சில் இருந்தது. அவள் சாயங்காலம் பிரெஞ்சு வகுப்புக்குப் போனாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். எனக்கு வணக்கத்துக்கு 'போன்ஷூர்', நன்றிக்கு 'மெர்சி' இரண்டும் போதுமாக இருந்தது.

நான் சொல்ல வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. அதற்கு முந்தின நாள் லலிதாவின் அப்பா போனில் கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் நாளைக்கு வருகிறார்கள், நல்ல இடம், உன் பதிலை ராத்திரி ஏழரை மணிக்குள் சொல்லிவிடு, நீ பேசாவிட்டால் நான் சரி என்று வாக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். இந்தியாவில் ஏழரை என்றால் அங்கே நாலு மணி. அதே வாரம்தான் ஆபீஸில், விருப்பமிருந்தால் இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருக்கலாம் என்று அவளிடம் கேட்டிருந்தார்கள். ஞாயிறு காலை பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அவள் சொன்னாள்.

"நக்கோன்னு சொல்லிடப் போறேன்டி. எனக்கு இன்னும் நடக்கணும்."

எங்களிடம் செல்போன் இல்லை. நாங்கள் போகிற ஊரின் சதுக்கத்தில் போன் பூத் இருந்தது, அவள் பர்ஸில் போன் கார்டு இருந்தது. இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது கணக்கு.

ஓக் மரக்காட்டில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் கொஞ்ச தூரத்தில் வழக்கமான கோடுகள். வலப்பக்கம் ஒரு மரத்தில் வெள்ளையும் சிவப்புமாய் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நின்றன. எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"சிலுவை போட்டுருக்கான் பாருட்டி. இது கோயிலுக்குப் போற குறுக்கு வழி."

"சாஞ்சில்ல இருக்கு?"

"பெயின்ட் அடிச்சவன் அவசரத்துல சாச்சிருப்பான். நாசரேத்துல பொறந்தவளுக்குச் சிலுவை தெரியாதா?"

கோயில் ஊர் நடுவில் இருக்கும், கோயிலுக்குப் பக்கத்தில் சதுக்கம், சதுக்கத்தில் போன். கிறிஸ்தவ நாட்டில் சிலுவையை நம்பாமல் எதை நம்புவது? லலிதா அந்தக் குறியை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

அதற்கப்புறம் ஒரு குறியும் இல்லை. கோயிலுக்குப் போகிற வழிக்குக் குறி எதற்கு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து எதிரே ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு அம்மாள் வந்தாள். எங்களைப் பார்த்ததும் என்னவோ சொல்லி, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்துக் காட்டினாள். எவ்வளவு பக்தி என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. நானும் கைகூப்பி 'மெர்சி' என்றேன். அவள் என்னை விட்டுவிட்டு லலிதாவைப் பார்த்து இன்னொரு முறை காட்டினாள். லலிதா தலையை ஆட்டினாள், நடந்தாள்.

பாதை ஒரு பழைய கல்குவாரியில் போய் முடிந்தது. முட்புதரும் தேங்கின தண்ணீரும்தான் இருந்தன. மணி இரண்டரை. வந்த வழியே ஓட்டமும் நடையுமாகத் திரும்பினோம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அவள்தான் என் முதுகைத் தட்டிக்கொண்டு வந்தாள். ஊர் வாசலுக்குள் நுழையும்போது ஆறேகால். பூத்தில் அவள் பேசுவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். நிறையக் கேட்டாள், கொஞ்சம்தான் பேசினாள். வெளியே வந்து, "அப்பா ஓகே சொல்லிட்டாராம்" என்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றாள்.

டிசம்பரில் கல்யாணம், செகந்தராபாத்தில். பந்தியில் ஜாங்கிரி போட்டார்கள், நான் அதை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். மாப்பிள்ளை நல்ல மனுஷர்தான், குறை சொல்லமுடியாது. இரண்டு பையன்கள். லலிதா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்கூலில் கம்ப்யூட்டர் டீச்சர் ஆனாள். பாஸ்போர்ட் காலாவதியானது, அவள் புதுப்பிக்கவே இல்லை. அவள் வீட்டுக்குப் போகிற போதெல்லாம் மாடத்தில் இருக்கும் அந்தக் கைப்புத்தகத்தைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு வருவேன். என் சாய்ந்த சிலுவை ஒருத்தியின் காலைக் கட்டிப்போட்டுவிட்டதே என்று எத்தனை ஞாயிறு ஆராதனையில் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன் தெரியுமா? அவளிடம் மட்டும் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை, பொங்கின பாலைத் துடைத்துவிட்டு, அவளுக்குப் போன் செய்து கேட்டேவிட்டேன். மரத்தைச் சொல்லி, சிலுவையைச் சொல்லி, என்னை மன்னிச்சுடுட்டி என்றேன். அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு வந்தாள்.

"அந்தக் குறி என்னன்னு எனக்குத் தெரியும்டி. இந்தப் பக்கம் போகாதேன்னு அர்த்தம். புக்குல மொதல் பக்கத்துலயே போட்டிருக்கு. அந்தம்மாவும் அதத்தான் சொன்னா."

"பின்ன ஏன் சொல்லல?"

"நாலு மணிக்குள்ள போயிருந்தா நான்ல வாயத் தொறந்து சொல்லணும். அப்பாகிட்ட நக்கோன்னு சொல்ல எனக்கு தைரியம் இல்ல, சரின்னு சொல்ல மனசும் இல்ல. நீ ஜோரா முன்னாடி போனே. வந்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருபது வருஷம்! வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மறுநாள் பூரா வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். மகள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, வாட் ஹாப்பன்ட்?" என்றாள். வழி தப்பின கதையைச் சொன்னேன். "மேப் பாத்திருக்கலாம் கதா?" என்று தெலுங்கு வாலோடு கேட்டாள். அவளுக்கு வழி தப்புவது என்றால் என்னவென்றே தெரியாது. தப்பினால் போனில் ஒரு பெண் உடனே திரும்பச் சொல்கிறாள். பூத் இல்லை, கார்டு இல்லை, வாயைத் திறக்க முடியாதவள் போய் ஒளிந்துகொள்ள இரண்டு மணி நேரப் பாதையும் இல்லை.

நேற்று மரங்களை வெட்டிவிட்டார்கள். குறி போட்ட துண்டுகளையும் மற்றவற்றோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை, அது போகும்போது என் குற்ற உணர்வையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நியாயமாக எனக்கு லேசாக இருக்கவேண்டும். அவளோடு என்னைக் கட்டிவைத்திருந்ததே அதுதானோ என்று இப்போது பயமாக இருக்கிறது. இன்று விடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினேன். சந்து முழுக்க வெயில். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கேட் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.