நூறு டிகிரி வாத்தியார்

நாற்பத்தேழாவது வயதில் நான் ஒரு வெள்ளைக் கோட்டு வாங்கினேன். டாக்டர்கள் போடுகிற கோட்டு. ஊட்டி மார்க்கெட்டில் பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் அளவு கொடுத்துத் தைத்தது. "ஏனுங்க சார், லேப் அட்டெண்டருக்குங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். "ஆமாங்க, அவரும் என் உயரம்தான்" என்றேன். பொய்யைக்கூட அளவெடுத்துச் சொல்கிற பழக்கம் எனக்கு உண்டு. அறிவியல் ஆசிரியர் அல்லவா?

திங்கட்கிழமை அந்தக் கோட்டோடு பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும் நாக்கை வெளியே நீட்டி 'ஆ' என்று காட்டினான்.

இந்தக் கோமாளித்தனத்துக்குக் காரணம் இரண்டு இளசுகள். குன்னூருக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி. அந்த வருடம் டிசம்பரிலிருந்து சனிக்கிழமைதோறும் கோயம்புத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் இருவர் வந்து இறங்கினார்கள். ஒருத்தி நான்காம் ஆண்டு மருத்துவ மாணவி. இன்னொருவன் தவளைகளின் சத்தத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன். அதற்குத் தோதாகத் தாடியும் வைத்திருந்தான். தோட்டத்துப் பிள்ளைகளை அறிவியல் படிப்புப் பக்கம் திருப்பிவிடுவது அவர்கள் நோக்கம். சம்பளம் கிடையாது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி மட்டும் உண்டு. தலைமையாசிரியை நெகிழ்ந்துபோய், என்னைக் கேட்காமல், ஆய்வுக்கூடச் சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டார்.

இதயம் என்கிற பாடத்துக்கு நான் பேர்போனவன். நான்கு நிறச் சுண்ணக்கட்டியில் கரும்பலகை நிறைய வரைவேன். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் அதை அழிக்க வேண்டாம் என்று சொன்னதும் உண்டு. அந்தப் பெண் என்ன செய்தாள்? குன்னூர் மார்க்கெட்டில் ஓர் ஆட்டு இதயத்தை வாங்கி டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தாள். "விரலை விட்டுப் பாருங்கடா, இதுதான் வால்வு" என்றாள். இருபத்திரண்டு வருடமாக நான் வரைந்த இதயங்கள் எல்லாம் அன்றைக்கு ஒரே மூச்சில் நின்றன. தவளைக்காரன் தன் பங்குக்கு ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனான். அதற்கப்புறம் என் வகுப்பில் நான் முதுகைத் திருப்பினால் போதும், மழைக்காலம் வந்துவிடும்.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த ஒரு பிள்ளை விஷயத்தில்தான் முடியவில்லை. பத்தாம் வகுப்பில் படித்தாள். அம்மா கொழுந்து பறிக்கிறவர். எட்டாம் வகுப்பிலேயே என்னிடம் வந்து, "சாயங்காலம் ஆனா மட்டும் மஞ்சு மூட்டம் ஏன் சார் பள்ளத்துல இருந்து மேல ஏறி வருது?" என்று கேட்டவள். கண்டெடுத்தவன் நான் என்று எனக்கு நானே பட்டா எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது வாயைத் திறந்தால் "அக்கா சொன்னாங்க சார்." ஒரே பாடவேளையில் பதினொரு முறை. எண்ணினேன். வேறு வேலை?

பிப்ரவரியில் அவர்கள் ஓர் அறிவிப்பு செய்தார்கள். கோடை விடுமுறையில் ஒரு மாதம், எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பிள்ளையைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய்த் தங்கள் ஆய்வுக்கூடங்களில் பழக்குவார்கள். அதற்கு ஒவ்வொருவரும் தாமாக எதையாவது சோதித்துப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அடியில் 'இது மாணவரின் சொந்த வேலை' என்று அறிவியல் ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத நோட்டு செல்லாது. கடைசி நாள் சனிக்கிழமை.

புதன்கிழமை அவள் நோட்டோடு வந்தாள். தலைப்பு: 'எங்கள் ஊரில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது?' விடை: தொண்ணூற்று நான்கு.

"நூறு" என்றேன்.

"தொண்ணூத்தி நாலுதானுங்க சார் வருது."

"தெர்மாமீட்டர் தப்பு. நூறுன்னு திருத்தி எழுதிட்டு வா."

இதில் எனக்கு அனுபவம் அதிகம். வேலைக்குச் சேர்ந்த வருடமே எங்கள் ஆய்வுக்கூடத்துத் தெர்மாமீட்டர் எல்லாம் தொண்ணூற்று நான்கில் நிற்பதைக் கண்டுபிடித்தவன் நான். பழுதானவை என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். புதிதாக வந்தவையும் அங்கேயே நின்றன. வேறு கம்பெனியிடம் வாங்கினோம், அவையும் அப்படியே. நாட்டில் தயாரிப்புத் தரம் கெட்டுப்போய்விட்டது என்று ஆசிரியர் அறையில் ஒரு சிற்றுரையே ஆற்றியிருக்கிறேன். அன்று முதல் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளிடம், "கருவி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், நீங்க நூறுன்னு எழுதிருங்க" என்று சொல்லிவிடுவேன்.

"கருவி சரிதானுங்க சார்" என்று அவள் பக்கத்தைத் திருப்பினாள். விடியற்காலையில் தோட்டத்துப் பள்ளத்தில் புல்மேல் படிந்த உறைபனியைச் சுரண்டி, டம்ளரில் போட்டு, அது உருகும்போது தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்திருந்தாள். சரியாகப் பூஜ்யம். பிறகு அதே தெர்மாமீட்டரை ஸ்வெட்டரில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, மலைக்குக் கீழே மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தாள். தொண்ணூற்று ஒன்பது.

நான் அதையெல்லாம் படித்தேனா? கண் ஓடியது. கருத்து கடைசிப் பக்கத்தில் இருந்தது. அங்கே 'நன்றி' என்று ஒரு பட்டியல். முதலில் டாக்டர் அக்கா. அடுத்து தவளை அண்ணா. அப்புறம் மேட்டுப்பாளையம் சித்தி. பிறகு, பஸ்ஸில் தெர்மாமீட்டர் உடையாமல் தன் பைக்குள் வைத்துக் காத்த கண்டக்டர். கண்டக்டருக்கு அடுத்ததாகவாவது நான் இருப்பேன் என்று பக்கத்தைத் திருப்பினேன். அட்டைதான் இருந்தது.

"வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமா பார்த்துட்டுத் தர்றேன்" என்றேன்.

"சனிக்கிழமை கடைசிங்க சார்."

"எனக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி அடுப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். குக்கரின் ரப்பர் வளையம் போய்விட்டதாம். "ஒன்றரை மணி நேரமா பருப்பு சட்டியில கெடக்குது. ஈரோட்டுல எங்கூட்டுல அரை மணியில வெந்துரும். இங்க தண்ணி கொதிக்குதே தவிர வேக வெக்க மாட்டேங்குது. அறிவியல் வாத்தியாருங்களே, இது ஏனுங்க?"

கேள்வி என்று வந்துவிட்டால் எனக்கு விடை ஊற்றெடுக்கும். "மலை மேல காத்தோட அழுத்தம் குறைவு. அதனால தண்ணி நூறு டிகிரிக்கு முன்னாடியே..."

வாக்கியத்தின் நடுவே நின்றேன்.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றாள் மனைவி.

உயரமான இடங்களில் கொதிநிலை குறையும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நடத்துகிறேன். உதாரணம், இமயமலை. மலை என்றால் எனக்கு எப்போதும் இமயமலைதான். காலையில் எழுந்து மூச்சிரைக்க ஏறிப் பள்ளிக்கூடம் போகிற இதுவும் ஒரு மலை என்பது இருபத்திரண்டு வருடமாக என் புத்தியில் உறைக்கவே இல்லை.

திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டால் என் முட்டாள்தனத்துக்கு நானே சான்று கொடுத்ததாகும். போடாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது; அந்தப் பிள்ளைக்கு ஒரு மாதம் போகும், அவ்வளவுதான் என்று ஒரு குரல். 'அவ்வளவுதானா?' என்று இன்னொன்று. மறுநாள் காலை நோட்டை மேசைமேல் 'மறந்து' வைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் நிறுத்தம்வரை வந்தேன். பஸ்ஸும் வந்தது. அதை விட்டுவிட்டுத் திரும்பிப் போய் எடுத்துவந்தேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டேதான் போனேன். போனதற்கா, மறந்ததற்கா என்று தெரியவில்லை.

ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். கையெழுத்துப் போடாமலே நான் நீட்டிய நோட்டை மருத்துவ மாணவி நின்றபடியே முழுதும் படித்தாள். தவளைக்காரனிடம் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார், வேணும்னே விடையைச் சொல்லாம விட்டு, அவளே கண்டுபிடிக்கட்டும்னு காத்திருந்திருக்கீங்க. எங்க புரொபசருங்களுக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது சார்."

மூன்று மாதமாக இப்படி ஒரு வாக்கியத்துக்குத்தான் ஏங்கினேன். "ஏதோ நம்மால முடிஞ்சது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'நூறுன்னு திருத்திட்டு வரச் சொன்னாரே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லைங்க. எனக்குத் தெரியலை. தெர்மாமீட்டர் தப்புன்னு நினைச்சேன்."

"எத்தனை நாளா சார்?" என்றான் தவளைக்காரன்.

"இருபத்திரண்டு வருஷமா."

வகுப்பே சிரித்தது. மருத்துவ மாணவியும் சிரித்தாள். சிரிப்பும் நன்றாகத்தான் இருந்தது. அதிலும் என்னால் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டேன். இடம் அந்தப் பிள்ளைக்கே கிடைத்தது.

மே மாதம் குன்னூர் பஸ் நிலையத்துக்கு வழியனுப்பப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளை 'டாக்டர் அக்கா'வோடு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எனக்குக் கையசைப்பாள் என்று பாதிக் கையைத் தூக்கி வைத்திருந்தேன். அவள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள், அக்கா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், பஸ் போய்விட்டது. தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

பக்கத்தில் அவளுடைய அம்மா நின்றிருந்தார். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். யாராவது ஒருவராவது என்னைப் பாராட்ட வேண்டாமா? நான் தவற்றை ஒப்புக்கொண்ட கதையை அவரிடம் ஆரம்பித்தேன். சபை நடுவே, மனம் திறந்து, தயங்காமல் என்றெல்லாம் சேர்த்துச் சொன்னேன். அவர் முந்தானையைப் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டார்.

"என்னையத் தெரியலைங்களா சார்? நானும் உங்ககிட்டப் படிச்சவதானுங்க. நீங்க வந்த வருசம், பத்தாவது. எனக்கும் அன்னிக்குத் தொண்ணூத்தி நாலுதானுங்க வந்துச்சு. புது சார், மனசு சங்கடப்படுவாருன்னு நூறுன்னு எழுதிக் குடுத்துட்டேன். இவளுக்கு அந்த மரியாதையெல்லாம் பத்தாதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."