அக்கா வகுப்பில் ஓர் அதிகப்பிரசங்கி

என் அக்கா பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள். தற்காலிக வேலை. அந்தச் சொல்லுக்கு இவ்வளவு கெட்டியான ஆயுள் உண்டு என்பதே அவளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். இந்த முறை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். அதற்கு முன் துறைத்தலைவர் வகுப்பில் வந்து உட்காருவார். பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்களா என்று பார்ப்பார்.

மற்ற ஆசிரியர்கள் முதல் நாளே கேள்விகளைப் பங்குபோட்டுக் கொடுத்துவிடுவார்கள். அக்கா அதற்கு மசியவில்லை. அவள் வழக்கம், மேசைமேல் எதையாவது வைத்துவிட்டு, யாராவது கேட்கும்வரை வாய் திறக்காமல் நிற்பது.

"தலைவர் முன்னாடியும் இப்படியே நின்னா வேலை போயிடும்க்கா. நான் வந்து ஒரு கேள்வி கேக்கறேன்."

"வேடிக்கை பாக்க வா. வாயை வீட்லயே வெச்சுட்டு வா."

பத்திரிகையில் பத்தி எழுதிப் பிழைப்பவனுக்கு வாயைத் தவிர வேறு சொத்து ஏது? எடுத்துக்கொண்டே போனேன். கடைசி வரிசையில், தலைவருக்குப் பக்கத்தில், வழுக்கைத் தலை மாணவனாக உட்கார்ந்தேன்.

அக்கா ஒரு டம்ளர் ஈர மணலை மேசையில் கவிழ்த்தாள். அது அப்படியே நின்றது. இன்னொரு டம்ளரில் காய்ந்த மணல். கவிழ்த்ததும் பொலபொலவென்று சரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மின்விசிறிதான் முனகியது. பிள்ளைகள் குனிந்து பெஞ்சைப் படித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் மணி பார்த்தார். அக்காவின் புத்தகத்திலிருந்து நான் நெட்டுருப் போட்டு வந்ததை எழுந்து ஒப்பித்தேன்:

"நீரின் பரப்பு இழுவிசையே இதற்குக் காரணம் என்று கொள்ளலாமா?"

"அது கேள்வி இல்லீங்க, விடை," என்றாள் அக்கா, முன்பின் தெரியாதவள்போல. "சரி, இழுவிசைன்னா என்ன? சொல்லுங்க."

"புத்தகத்துல இருந்துதுங்க," என்றேன்.

வகுப்பே சிரித்தது. "அங்கிள், உக்காருங்க, கால் வலிக்கப் போகுது," என்றது முன்வரிசை.

அந்த அறையில் முட்டாள் என்ற பதவிக்கு ஆள் கிடைத்துவிட்டான். இனி யாருக்கும் பயமில்லை. ஒரு பெண் கை தூக்கினாள். "அப்போ இன்னும் தண்ணி ஊத்தினா இன்னும் கெட்டியா நிக்குமா மேடம்?"

"ஊத்திப் பாரு."

ஊற்றினாள். மணல் சேறாகித் தரையில் வழிந்தது. "அதே தண்ணிதானே, ஏன் விழுது?" என்றான் ஒருவன். ஆளுக்கொன்றாகக் கேட்டுக்கொண்டு மேசையைச் சூழ்ந்தார்கள். தலைவரும் எழுந்து போய் எட்டிப் பார்த்தார். "எவ்வளவு தண்ணி வரைக்கும் நிக்கும்மா?"

"தெரியல சார். அளந்து பாப்போம்."

மணி அடித்தும் யாரும் நகரவில்லை. வெளியே வந்த தலைவர் அக்காவிடம், "உங்க வேலை உறுதிம்மா," என்றார். என் பக்கம் கண்ணைக் காட்டினார். "அந்த ஆளை எங்க பிடிச்சீங்க? மத்த வகுப்புக்கும் வருவாரா?"

"ஓசிலயே வருவான் சார். தம்பிதான்."

அன்று மாலை அவளிடம் கேட்டேன்: "நிஜமா, இழுவிசைன்னா என்னக்கா?"

ஒரு டம்ளர் மணலையும் ஒரு சொம்பு தண்ணீரையும் என் முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.