டயர் மாற்றிய மூன்றாம் நாள்

இது கட்டிவிட்ட கதை இல்லை. கட்டிவிடுவதாக இருந்தால் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருப்பேன். நேரம்கூட நிமிஷக் கணக்கில் சொல்வேன். அன்றைக்கு வண்டிக் கடிகாரத்தை அத்தனை தடவை பார்த்தேன்.

எனக்குச் சோறு போடுவது ஒரு பிக்கப் வண்டி. செங்கல், கம்பி, வேலிக்கு நடும் சிமென்ட் தூண்... எது கிடைத்தாலும் ஏற்றுவேன். பாதி வழி தார் ரோடு, மீதி சேறும் சரளையும். கூட வேலை செய்பவன் என் மனைவியின் தம்பி. என்னை "மாமா" என்பான். வாய் ஓயாது. ஆனால் லோடு மேல் உட்கார்ந்துவிட்டால் கண் கயிற்றை விட்டு நகராது.

அவன் பின்னால் உட்கார்ந்து வரும்போது எங்களுக்குள் ஒரு பாஷை உண்டு. கேபின் கூரையில் ஒரு தட்டு தட்டினால், நிறுத்து. இரண்டு தட்டினால், போகலாம்.

அந்த மழைக்காலத்தில் டயர் நான்கும் மொட்டையாகிவிட்டன. டயர்க்கடை அண்ணனிடம் போனோம். பெரிய பெரிய ரப்பர் பட்டன்கள் புடைத்து நின்ற ஒரு டயரை நான் ஆசையாகத் தடவிப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"அது ஊர் சுத்துற வண்டிக்கு. பாக்க முரடா இருக்கும், பாரம் தாங்காது. சைடுல போட்டிருக்கிற எடை நம்பரைப் பாருங்க. தாரு, மண்ணு ரெண்டுலயும் ஓடணும், லோடும் இழுக்கணும்னா இதுதான்."

அவர் காட்டியது சரியான டயர். விலையும் அதற்கேற்ற விலை. "நாளைக்கு வர்றேன்" என்று கிளம்பினேன்.

போகவில்லை. மறுநாள் தனியாக, பழைய வண்டி உடைக்கும் யார்டுக்குப் போனேன். அங்கே அதே டயர் நான்கு, அதே எடை நம்பர், சுவரில் சாய்ந்து நின்றன. பட்டன் தேயவே இல்லை. பாதி விலை.

"எந்த வண்டியோடது?"

"அதுவும் லோடு வண்டிதான். வண்டிக்கு ஒண்ணும் ஆகல. பின்னாடி உக்காந்திருந்த ஆளுக்குத்தான்..."

"சரி விடுங்க. டயர் நல்லாயிருக்குல்ல? அது போதும்."

ஆமாம். முழுசாகக் கேட்காமல் அவர் வாயை அடைத்தவன் நான்தான்.

டயரைக் கழுவி, கறுப்புப் பாலிஷ் போட்டு மாட்டினேன். வீட்டில் புது டயர் என்றேன். அண்ணன் கடையில் வாங்கினேன் என்றேன். மச்சினன் குனிந்து மோந்து பார்த்தான்.

"என்ன மாமா, புது டயர் வாசமே வரல?"

"உனக்கு மூக்கடைப்பு" என்றேன். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை. தூண் வார்க்கும் பட்டறையில் லோடு. மாலை 4.10. தூறல். ஏற்றுவதற்கு முன்னால் காலி வண்டியை எடை மேடையில் நிறுத்தினேன். எடை போடுபவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"மச்சினனை இறங்கச் சொல்லுங்க."

"இறங்கிட்டானே. அதோ டீ குடிக்கிறான்."

"போன வாரத்தை விட அம்பத்தெட்டு கிலோ கூட காட்டுது."

வண்டியைச் சுற்றி வந்தேன். பின்தொட்டி காலி.

"டயர் மாத்தினேன்... அதுவா இருக்கும்" என்றேன்.

"டயர் அவ்வளவா கூடும்?" என்றார். குறித்துக்கொண்டார்.

5.02க்குக் கிளம்பினோம். இருபது தூண்கள். மச்சினன் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு பின்னால் ஏறினான். தார்ப்பாய் பின் கண்ணாடியை மறைத்திருந்தது.

5.19.

டக்.

ஒரே ஒரு தட்டு. ஓரம் கட்டினேன். தலையை வெளியே நீட்டினேன்.

"என்னடா?"

"என்ன மாமா?"

"தட்டினியே!"

"நான் தட்டலையே, கயித்தைத்தான் பாத்துட்டிருந்தேன். டயர்லேர்ந்து கல்லு தெறிச்சிருக்கும்." பிறகு அவனாகவே சொன்னான். "வழியிலதானே அண்ணன் கடை? ஒரு நிமிஷம் நிறுத்துங்க. புது டயர்ல சத்தம் வருதுன்னு கேட்டுடலாம்."

"நேரமாச்சு" என்று வண்டியை எடுத்தேன். கீழே இறங்கக்கூட இல்லை.

போகப் போக யோசித்தேன். கல் கீழேதானே அடிக்கும்... கூரையில் எப்படி?

5.31. தூரத்தில் டயர்க்கடை தெரிந்தது. அண்ணன் வாசலில்தான் நின்றிருந்தார்.

டக்.

மச்சினன்தான், கடையில் நிறுத்தச் சொல்கிறான் என்று நினைத்தேன். நிறுத்தினால் அண்ணன் டயரைப் பார்ப்பார். "இது நான் குடுத்ததில்லையே" என்பார். அவன் என்னைப் பார்ப்பான்.

நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டினேன். அண்ணன் கையைத் தூக்கினார். பார்க்காதவன் மாதிரி போய்விட்டேன்.

டக்.

கடை தாண்டியாச்சு. இப்போது எதற்குத் தட்டுகிறான்?

டக்... டக்...

நிதானமான தட்டு. இடைவெளி மாறவே இல்லை. மச்சினன் தட்டினால் அவசரமாக இருக்கும், கூடவே கத்துவான். இது வேறு கை.

ரேடியோ போட்டேன். சத்தத்தைக் கூட்டினேன்.

டக்.

பாட்டுக்கு மேலே கேட்டது.

5.38. தார் முடிந்து சரளை. தட்டு கூரையில் இல்லை. பின் கண்ணாடியில்... என் பிடரிக்கு நேர் பின்னால்.

டக்.

நிறுத்தவில்லை. பயம் பாதி. பொய் வெளுத்துவிடுமே என்பது மீதி. எது அதிகம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

5.41. சத்தம் நின்றது.

ரேடியோவும் நின்றது.

நான் தொடவில்லை.

வண்டி நாற்பதில் ஓடிக்கொண்டிருந்தது.

என் பக்கத்துக் கதவுக் கண்ணாடியில்... காதுக்கு அருகே... விரல் முட்டியால்...

டக்.

திரும்பிப் பார்க்கவில்லை. பிரேக்கை மிதித்தேன். 5.42.

மழை மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு முனகல்.

ஓடினேன்.

கயிறு தளர்ந்து நான்கு தூண்கள் சரிந்திருந்தன. மச்சினனின் வலது கால் அடியில். மிச்சத் தூண்களும் மேலே விழாமல் இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தான். உள்ளங்கை கிழிந்து ரத்தம். முகத்தில் உயிரே இல்லை.

தூண்களைப் புரட்டினேன். எப்படிப் புரட்டினேனோ தெரியாது.

"நீ தட்டினேன்னு தெரியலடா... கேக்கலடா..."

"எனக்குக் கை எங்க மாமா இருக்கு? கத்திப் பாத்தேன். அவர்தானே விடாம தட்டினாரு."

"யாரு?"

"பட்டறையில ஏத்திக்கிட்டீங்களே... தலையில சாக்கு போட்டுட்டு. நீங்க நிறுத்தலைன்னதும் உங்க கதவுப் பக்கம் எட்டித் தட்டினாரே..."

நான் யாரையும் ஏற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு முறை ஆபரேஷன். கணுக்கால் எலும்பு ஒட்டியது, நடை பழையபடி வரவில்லை. என் மனைவியிடம் மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். அவள் என் தலையைத் தடவி, "நீங்க மனச விட்டுடாதீங்க. வேணும்னா செஞ்சீங்க?" என்றாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பத்து நாள் கழித்து மொட்டை டயர்களையே திரும்ப மாட்டிக்கொண்டு, அந்த நான்கையும் யார்டுக்கு எடுத்துப் போனேன். யார்டுக்காரர் டயரைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

"தட்டுச்சா?" என்றார்.

அன்றைக்கு நான் பாதியில் வெட்டியதை அவர் சொல்லி முடித்தார். மழை நாள். தலையில் சாக்கு போட்டுக்கொண்டு ஒரு லோடுமேன் பின்னால் வந்திருக்கிறார். சரக்கு சரிந்து நடுவில் மாட்டிக்கொண்டார். கேபினைத் தட்டியிருக்கிறார். டிரைவருக்குக் கேட்டிருக்கிறது. சும்மா அவசரப்படுத்துகிறார் என்று ஓட்டிக்கொண்டே போனாராம். நிறுத்தியபோது உயிர் இல்லை.

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வாங்கிட்டுப் போனாங்க" என்றார். "ரெண்டு பேருமே ஒரு வாரத்துல கொண்டுவந்து போட்டுட்டாங்க. கூரையில யாரோ தட்டுறாங்கன்னாங்க. அதான் உங்ககிட்ட சொல்ல வந்தேன்."

"அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. தட்டின உடனே நிறுத்திட்டாங்க. இறங்கிப் பாத்தா ஒருத்தருக்குக் கயிறு அவுந்திருந்துச்சாம். இன்னொருத்தருக்குப் பின்கதவுக் கொக்கி கழண்டிருந்துச்சாம். சரி பண்ணிட்டு வீட்டுக்குப் போய்ட்டாங்க."

கடைசி டயரை வாங்கிச் சுவரில் சாய்த்தார். கையைத் துடைத்தபடி கேட்டார்.

"நீங்களும் உடனே நிறுத்திட்டீங்கல்ல?"

"ஆமாங்க" என்றேன்.